முற்றத்துக்கு அடியில் போன குழாய்: கிளாஸ்கோ ஸ்டாக்லைன் வெடிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2004 மே 11, செவ்வாய்க்கிழமை நண்பகல் அளவில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மேரிஹில் பகுதியில் இருந்த ஐசிஎல் பிளாஸ்டிக்ஸ் குழுமத்தின் தொழிற்சாலைக் கட்டடம் வெடித்துச் சரிந்தது. முன்பு ஆலையாக இருந்த அந்த நான்கு தளக் கட்டடத்தின் பெரும்பகுதி சில நொடிகளில் கற்குவியலாகியது. இடிபாடுகளில் சிக்கியவர்களைத் தேடும் பணி நான்கு நாட்கள் நீண்டது. 9 பேர் இறந்தனர். 33 பேர் காயமடைந்தனர். அந்த வளாகத்தில் இயங்கிய ஒரு குழும நிறுவனத்தின் பெயரால் இந்த விபத்து இன்றும் ஸ்டாக்லைன் வெடிப்பு என்றே குறிப்பிடப்படுகிறது.

காரணம் தேடித் தோண்டியவர்கள் கண்டெடுத்தது அரித்துப்போய் விரிசல் கண்டிருந்த ஓர் இரும்புக் குழாய். முற்றத்தில் இருந்த எல்பிஜி தொட்டியிலிருந்து கட்டடத்துக்குள் எரிவாயுவைக் கொண்டுபோன அந்தக் குழாயிலிருந்து கசிந்த வாயு, மண்ணுக்குள் வழி கண்டு கட்டடத்தின் அடித்தளத்தில், அதாவது தரைக்குக் கீழுள்ள தளத்தில், சேர்ந்து, காற்றுடன் கலந்து, தீப்பற்றியது. பெரிய எந்திரக் கோளாறோ, தொழிலாளி ஒருவரின் கவனக்குறைவோ இதில் இல்லை. 30 ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் கண்ணால் பார்க்காத ஒரு குழாய், இரும்பு மண்ணில் என்ன ஆகுமோ அதுவே ஆகியிருந்தது. ஆகவே இந்த நிகழ்வை ஆராயும்போது குழாய் ஏன் அரித்தது என்பதோடு, அது அரித்துக்கொண்டிருக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டியவர்கள் பலர் இருந்தும் ஒருவரும் ஏன் மண்வெட்டியை எடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

1969 முதல் 2004 வரை

தொட்டியும் குழாயும் 1969இல் பதிக்கப்பட்டவை. தொழிற்சாலையின் அடுப்புகளுக்கு எரிவாயு தேவைப்பட்டது. தொட்டியிலிருந்து குழாய் முற்றத்து மண்ணுக்கடியில் சென்று, கட்டடத்தை நெருங்கியதும் செங்குத்தாக மேலெழுந்து, தரைக்கு மேலே சுவரைத் துளைத்து உள்ளே போயிற்று. அந்த அமைப்பில் ஒரு நன்மை இருந்தது. கட்டடத்தை ஒட்டிய பகுதி வெளியில் தெரிந்தது. துருப்பிடித்தால் எவர் கண்ணிலாவது படும். கசிந்தால் வாயு திறந்த வெளியில் கலைந்துபோகும்.

1973இல் முற்றத்தின் தரைமட்டம் உயர்த்தப்பட்டது. அதுவரை வெளியே நின்றிருந்த செங்குத்துக் குழாயும் அது கட்டடத்துக்குள் நுழையும் இடமும் அதோடு மண்ணுக்குள் மறைந்தன. அதைச் செய்தவர்கள் தாங்கள் எரிவாயு அமைப்பில் கைவைப்பதாக நினைத்திருக்க மாட்டார்கள். தரையை மேடாக்கினார்கள், அவ்வளவுதான். எரிவாயு அமைப்பின் கண்ணில் பார்த்தாலோ அது ஒரு பெரிய மாற்றம். காற்றில் நிற்பதற்காக வைக்கப்பட்ட குழாய், மண்ணில் கிடக்கும் குழாயாக மாறிவிட்டது. கசிவு நேர்ந்தால் வாயு வெளிக்காற்றுக்குப் போகும் வழி அடைபட்டு, சுவர் வழியே அடித்தளத்துக்குப் போகும் வழி திறந்துவிட்டது. என் கணிப்பில் இந்த விபத்தின் தேதி 2004 அல்ல, 1973தான். அதன்பின் நடந்ததெல்லாம் அன்று தொடங்கிய ஒரு வேதிவினை தன் போக்கில் முடிந்ததுதான்.

இடைப்பட்ட காலத்தில் அதைத் தடுக்கும் வாய்ப்பு வராமலும் இல்லை. 1980களின் இறுதியில், பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பை மேற்பார்வையிடும் எச்.எஸ்.இ. அமைப்பின் ஆய்வு, புதைந்து கிடக்கும் இந்தக் குழாயின் நிலையைக் கேள்விக்குள்ளாக்கியது. தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற பரிந்துரை எழுந்தது; நிறுவனத்துக்கும் ஆய்வாளருக்கும் இடையே கடிதங்கள் போயின, வந்தன; இறுதியில் குழாய் தோண்டப்படாமலே கோப்பு மூடப்பட்டது. பின்னர் நடந்த பொது விசாரணை இதை நழுவவிடப்பட்ட வாய்ப்பாகவே பார்த்தது.

இரும்பு மண்ணில் அரிக்கும் விதம்

எல்பிஜியின் முக்கியக் கூறான புரொப்பேன், தூய்மையாகவும் உலர்ந்தும் இருந்தால், இரும்புக் குழாயை உள்ளிருந்து அரிப்பதில்லை. 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்து நகரம் என்ற கிராமத்தில் வெடித்த இயற்கை எரிவாயுக் குழாயில், ஈரத்தோடு வந்த வாயுவால் நேர்ந்த உள் அரிமானம்தான் பேசுபொருளானது. எல்பிஜி குழாய்களின் கதை வேறு. அங்கே எதிரி எப்போதும் வெளியே இருக்கிறது: மண், மண்ணின் ஈரம், அதில் கரைந்த உப்புகள், ஆக்சிஜன்.

மண்ணில் கிடக்கும் இரும்பின் பரப்பு முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஓரிடத்தில் மண் தளர்ந்து காற்றோட்டத்துடன் இருக்கும். பக்கத்தில் களிமண் கெட்டியாக ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் குறைந்த இடம் நேர்மின்வாயாகி இரும்பை இழக்கிறது. ஆக்சிஜன் மிகுந்த இடம் எதிர்மின்வாயாகிப் பிழைத்துக்கொள்கிறது. குழாயே கம்பியாகவும், ஈரமண்ணே மின்பகுதிரவமாகவும் அமைந்து, தானாக ஓடும் மின்கலம் ஒன்று உருவாகிவிடுகிறது. இந்த மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் அது நிற்பதில்லை. ஒரு குழாய் சீராகத் தேய்ந்து மெலிந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். அரிமானம் ஓரிடத்தில் குவிந்து குழி பறித்தால், மற்ற நீளமெல்லாம் புதிது போல இருக்கும்போதே அந்த ஒரு புள்ளியில் சுவர் ஓட்டையாகிவிடும். குழாயில் கொஞ்சம் தோண்டிப் பார்த்தோம், நன்றாக இருந்தது என்ற சான்றிதழ்களின் பலவீனம் இதில்தான் இருக்கிறது.

கட்டடத்தை ஒட்டிய பகுதி ஏன் எப்போதும் சந்தேகத்துக்குரியது என்பதும் இதிலிருந்தே விளங்கும். சுவரைத் துளைத்துப்போகும் இடத்தில் குழாய் சிமென்ட் காரையில் பதிந்திருக்கும். காரத்தன்மை மிகுந்த கான்கிரீட்டுக்குள் இரும்பு செயலற்ற நிலைக்குப் போய்விடுவதால், மண்ணில் மின்னழுத்தம் அளக்க ஒப்பீட்டுப் புள்ளியாக வைக்கும் செம்புச் சல்பேட்டு மின்வாயோடு அளந்தால் அதன் மின்னழுத்தம் சுமார் −0.2 வோல்ட் காட்டும். அரை அடி தள்ளி மண்ணில் கிடக்கும் அதே குழாய் −0.5 முதல் −0.7 வோல்ட் வரை காட்டும். இரண்டும் ஒரே இரும்பு, ஒன்றோடொன்று இணைந்த இரும்பு. எனவே மண்ணில் கிடக்கும் துண்டு கான்கிரீட்டில் பதிந்த துண்டுக்காகத் தேய்கிறது. கட்டடத்தின் செம்பு எர்த் கம்பியோடு குழாய்க்குத் தொடர்பு இருந்தால் இந்த இழப்பு இன்னும் வேகம் பிடிக்கும்.

துத்தநாக முலாம் பூசிய குழாய், அதாவது நம் ஊர்க் கடைகளில் ஜி.ஐ. பைப் என்று கேட்டு வாங்குவது, இதற்குத் தீர்வு என்று பலர் நம்புகிறார்கள். முலாம் என்பது காலக்கெடு உள்ள பாதுகாப்பு. துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கிறது. அது தீர்ந்தபின் வெறும் இரும்புதான் மிச்சம். திறந்த காற்றில் முலாம் நெடுங்காலம் நிற்கும். ஈரமண்ணில் அது நிற்பது மண்ணின் குணத்தைப் பொறுத்தது. ஒரு எல்போவை, அதாவது குழாய் திரும்பும் இடத்தில் பொருத்தும் வளைவு இணைப்பை, கையில் எடுத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: குழாயின் முனையில் மரை வெட்டும்போது முலாம் சீவப்பட்டுவிடுகிறது, அதே இடத்தில் சுவரின் தடிமனும் மரையின் ஆழத்துக்குக் குறைந்துபோகிறது. எல்போவுக்குள் திருகி முடித்தபின் வெளியே தெரியும் இரண்டு மூன்று மரைச் சுற்றுகள்தான் அந்தக் குழாயிலேயே மிக மெல்லிய, மிகப் பாதுகாப்பற்ற பகுதி. மண் அமிழும்போதும் வாகனம் மேலே போகும்போதும் வளைவு விசை வந்து விழுவதும் அதே இடத்தில்தான். திருகு இணைப்புகளை மண்ணுக்கடியில் வைக்காதே, தவிர்க்க முடியாவிட்டால் நாடா சுற்றி மூடு என்று குழாய்ப் பணியாளர்கள் சொல்லிக்கொள்வது இதனால்தான்.

கசிந்த வாயு போன வழி

நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. குளிர்நாடுகளில் வெளியே நிற்கும் மொத்தத் தொட்டிகளில் பெரும்பாலும் புரொப்பேனே நிரப்பப்படுகிறது. பியூட்டேன் சுமார் 0 டிகிரியிலேயே ஆவியாகாமல் அடங்கிவிடும். புரொப்பேனின் கொதிநிலை −42 டிகிரி என்பதால் பனிக்காலத்திலும் வாயு தடையின்றி வரும்.

புரொப்பேன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. இயற்கை எரிவாயுவான மீத்தேன் காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலெழுந்து கூரை இடுக்கு வழியாகவாவது வெளியேறிவிடும். புரொப்பேன் அப்படிப் போகாது. தாழ்ந்த இடத்தைத் தேடி ஊர்ந்து, கேபிள் குழி, சாக்கடை, நிலவறை, அடித்தளம் ஆகியவற்றில் தங்கிவிடும். காற்றில் அதன் அளவு 2.1 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றும் கலவை உருவாகிவிடும், 9.5 விழுக்காடு வரை அந்த அபாயம் நீடிக்கும். மேலே கான்கிரீட்டோ தாரோ போட்டு மூடிய முற்றமாக இருந்தால், மண்ணுக்குள் கசிந்த வாயு மேலே வர வழியின்றிப் பக்கவாட்டில் நகர்ந்து, குழாய் போவதற்காகச் சுவரில் இட்ட துளையையே நுழைவாயிலாக்கிக்கொள்ளும்.

வாசனை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் இங்கே முழுதாகச் செல்லாது. எல்பிஜியில் எத்தில் மெர்காப்டான் கலப்பது கசிவை மூக்கு அறிவதற்காகத்தான். ஆனால் வாயு மண்ணின் ஊடே நெடுந்தொலைவு கசிந்து வரும்போது மண்ணின் துகள்கள் அந்த நாற்றப்பொருளில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆள்நடமாட்டம் இல்லாத அடித்தளத்தில் எஞ்சியதை முகர்ந்து பார்க்கவும் யாரும் இருப்பதில்லை. கிளாஸ்கோ கட்டடத்தில் மக்கள் வேலை செய்தது மேல்தளங்களில்.

நீதிமன்றமும் விசாரணையும்

2007 ஆகஸ்டில் ஐசிஎல் பிளாஸ்டிக்ஸ், ஐசிஎல் டெக் ஆகிய இரு நிறுவனங்களும் கிளாஸ்கோ உயர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. குழாயால் வரக்கூடிய ஆபத்தை முறையாக மதிப்பிடவில்லை, அதைச் சோதிக்கவும் பராமரிக்கவும் ஏற்பாடு வைத்திருக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். இரண்டுக்கும் தலா 2,00,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அந்தக் குழாயை மாற்றியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு 405 பவுண்டு என்று நீதிமன்றத்தில் கூறப்பட்டது. இறந்தவர்களின் குடும்பத்தினரின் கோபத்துக்கு அபராதத் தொகையைவிட இந்தச் சிறு தொகையே அதிகக் காரணமாக இருந்தது என்று சொன்னால் அதில் மிகையில்லை.

வழக்கு நிறுவனங்களின் குற்றத்தைத்தான் தீர்மானிக்கும். அமைப்பு எங்கே தவறியது என்பதை ஆராய அதனால் முடியாது. எனவே பிரிட்டன் அரசும் ஸ்காட்லாந்து அரசும் சேர்ந்து ஒரு பொது விசாரணையை அமைத்தன. ஸ்காட்லாந்தின் மூத்த நீதிபதிகளில் ஒருவரான கில் பிரபு அதற்குத் தலைமை தாங்கினார். 2008இல் மேரிஹில் பகுதியிலேயே சாட்சியங்கள் கேட்கப்பட்டன. 2009 ஜூலையில் அறிக்கை வெளியானது. தவிர்த்திருக்கக்கூடிய பேரழிவு என்பதே அதன் முடிவு. தொழிற்சாலை நிர்வாகத்தை மட்டும் அது குறை சொல்லவில்லை; எரிவாயு வழங்கியவர்களின் பொறுப்பு, மேற்பார்வை அமைப்பின் அணுகுமுறை ஆகியவற்றிலும் குறைகளைச் சுட்டியது. புதைந்து கிடக்கும் உலோக எல்பிஜி குழாய்களை முன்னுரிமை வரிசையில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன குழாய்களாக மாற்றுவதும், பதிப்பு, பராமரிப்பு, கண்காணிப்பு, மாற்றீடு ஆகிய அனைத்துக்கும் ஒரே சீரான பாதுகாப்பு ஏற்பாட்டை உருவாக்குவதும் அதன் பரிந்துரைகளின் மையம். நாடு முழுவதும் பல்லாயிரம் இடங்களில் இதே வயதுடைய குழாய்கள் இருக்கக்கூடும் என்ற அச்சம் அந்தப் பரிந்துரைகளின் பின்னணியில் இருந்தது. அதன்பின் தொழில்துறைச் சங்கமும் எச்.எஸ்.இ.யும் ஆபத்து அதிகமுள்ள வளாகங்களிலிருந்து தொடங்கிக் குழாய்களை மாற்றும் திட்டத்தை நடத்தின.

யாருடைய குழாய்?

மொத்தத் தொட்டி வைத்து எரிவாயு பயன்படுத்தும் இடங்களில் வழக்கமாக இருக்கும் ஏற்பாடு இது: தொட்டி வழங்குநருடையது, தொட்டியில் உள்ள வால்வு, ரெகுலேட்டர் வரை அவர் பொறுப்பு, கட்டடத்துக்குள் இருக்கும் அடுப்பும் பர்னரும் பயன்படுத்துபவருடையவை. இடையில் மண்ணுக்குள் ஓடும் குழாய் சட்டப்படி பயன்படுத்துபவருடையதுதான். ஆனால் அவர் தொழிலோ பிளாஸ்டிக், அல்லது உணவகம், அல்லது கோழிப்பண்ணை. குழாயைப் பற்றித் தெரிந்தவர் வழங்குநர். குழாய்க்குச் சொந்தக்காரர் அதைப் பற்றி எதுவும் தெரியாதவர். மாதந்தோறும் டேங்கர் லாரி வருகிறது, நிரப்புகிறது, போகிறது. அந்த ஓட்டுநர் பார்க்க வேண்டியது தொட்டியை மட்டும். மேற்பார்வை ஆய்வாளர் வருகிறார். தொட்டிக்கும் வேலிக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார், தீயணைப்பானைப் பார்க்கிறார், ஏனென்றால் அவை கண்ணுக்குத் தெரிகின்றன. விதிகளும் படிவங்களும் இப்படிக் கண்ணுக்குத் தெரிவதைச் சுற்றியே வளர்ந்தவை.

அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் இந்த இடைவெளியை மூட முயன்ற ஒரு சிறு பிரிவு இருக்கிறது. குழாய்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பின் 192ஆம் பகுதி, வாடிக்கையாளரின் புதைகுழாயைத் தான் பராமரிக்காத வழங்குநர், அதை எழுத்துமூலம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எரிவாயு முதன்முதலாகப் போகத் தொடங்கிய 90 நாட்களுக்குள் அந்தக் கடிதம் போயாக வேண்டும். இந்தக் குழாய் உங்களுடையது, நாங்கள் பராமரிக்கவில்லை, பராமரிக்காவிட்டால் அரிக்கும், கசியும், உலோகமாக இருந்தால் அரிமானத்துக்காக அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு கடிதம்தான். ஆனால் பொறுப்பு யாருடையது என்பதைக் காகிதத்தில் நிறுத்திவிடுகிறது.

அதே பகுதியின் அரிமானக் கட்டுப்பாட்டுப் பிரிவு இன்னும் கறாரானது. 1971 ஜூலை 31க்குப் பிறகு பதித்த உலோகக் குழாய்க்கு வெளிப்பூச்சும் வேண்டும், பதித்த ஓராண்டுக்குள் மின்வேதி முறையில் அரிமானத்தைத் தடுக்கும் கேத்தோடு பாதுகாப்பும் வேண்டும். அந்தப் பாதுகாப்பு இயங்குகிறதா என்று ஒவ்வொரு நாட்காட்டி ஆண்டிலும் ஒருமுறை, 15 மாத இடைவெளியைத் தாண்டாமல் அளக்க வேண்டும்; அதற்கு மின்னோட்டம் தரும் மின்திருத்தி வைத்திருந்தால் அதை ஆண்டுக்கு ஆறுமுறை பார்க்க வேண்டும். குழாயின் எந்தப் பகுதியாவது எந்தக் காரணத்துக்காகவேனும் வெளியே தெரிந்தால், அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி அரிமானம் உண்டா என்று பார்த்தே மூட வேண்டும். தரைக்கு மேல் உள்ள குழாய்களில் மண்ணும் காற்றும் சந்திக்கும் எல்லைக்குத் தனிக்கவனம் தர வேண்டும். பாதுகாக்கப்பட்ட குழாய் எங்கே போகிறது என்ற வரைபடத்தை, அது பயன்பாட்டில் இருக்கும் வரை வைத்திருக்க வேண்டும். ஸ்டாக்லைன் கோப்பைப் படித்துவிட்டு இந்த விதிகளைப் படிப்பவருக்கு, ஒவ்வொன்றும் அந்த முற்றத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது போலத் தோன்றும்.

ஆனால் இங்கே ஒரு முரண் உண்டு. இந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவதும் அதுதான். எல்பிஜி அமைப்புகளைப் பொறுத்தவரை அதே விதித்தொகுப்பு, பொது இடத்தில் எந்தப் பகுதியும் இல்லாமல் பத்துக்கும் குறைவான வாடிக்கையாளர்களுக்கு வழங்கும் அமைப்பையும், முழுவதும் தன் வளாகத்துக்குள்ளேயே குழாய் வைத்திருக்கும் ஒற்றை வாடிக்கையாளரையும் தன் எல்லையிலிருந்து விலக்கிவிடுகிறது. கிளாஸ்கோ தொழிற்சாலை ஒரே வாடிக்கையாளர். குழாய் முழுதும் சொந்த முற்றத்தில். அமெரிக்காவில் அமைந்திருந்தாலும் மேலே சொன்ன கூட்டாட்சிக் கட்டாயங்கள் அதைத் தொட்டிருக்க மாட்டா. வேறு நெறிமுறைகளும் உள்ளூர் விதிகளும் பொருந்தியிருக்கலாம். ஆண்டுக்கொருமுறை ஆள் வந்து அளக்கும் கட்டாயம் இருந்திருக்காது. பிரிட்டனிலும் வீடுகளையும் கடைகளையும் கருதி எழுதப்பட்ட எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்குப் பொதுவான தொழிலிடப் பாதுகாப்புச் சட்டமே பொறுப்பு என்று விடப்பட்டிருந்தது. விதிகளுக்கு இணங்கியிருக்கிறோம் என்று ஒருவர் உண்மையாகவே சொல்லக்கூடிய நிலையிலும், அவர் காலடியில் ஓடும் குழாய் எந்த விதியின் பட்டியலிலும் இல்லாமல் இருக்கக்கூடும்.

அளப்பது எப்படி

கேத்தோடு பாதுகாப்பு என்பது குழாயை முழுவதும் எதிர்மின்வாயாக மாற்றிவிடும் ஏற்பாடு. சிறிய எல்பிஜி அமைப்புகளில் பெரும்பாலும் மக்னீசிய நேர்மின்வாய் போதும். ஜிப்சமும் பென்டோனைட் களிமண்ணும் கலந்த தூளோடு துணிப்பையில் கட்டி வரும் அந்த உலோகக் கட்டியைக் குழாய்க்குச் சற்றுத் தள்ளிப் புதைத்து, கம்பியால் குழாயோடு இணைத்து, பையை நீர் ஊற்றி நனைத்துவிடுவார்கள். மக்னீசியம் தேயும்; குழாய் தேயாது.

அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிது. செம்புச் சல்பேட்டுக் கரைசல் நிரப்பிய, அடியில் நுண்துளை அடைப்பு உள்ள ஒரு சிறு குழலைக் குழாய்க்கு நேர் மேலே ஈரப்படுத்திய மண்ணில் ஊன்ற வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனை குழலில், மறுமுனை குழாயில் தொடும். −0.85 வோல்ட்டோ அதைவிட அதிக எதிர்மறை மதிப்போ காட்டினால் பாதுகாப்பு இருக்கிறது என்று கொள்ளப்படுகிறது. −0.5 அளவில் நின்றால், ஒன்று மக்னீசியம் தீர்ந்துவிட்டது, அல்லது குழாய் வேறெதையோ தொட்டுக்கொண்டிருக்கிறது. நடைமுறையில் இரண்டாவது காரணமே அடிக்கடி தென்படும். கட்டடத்துக்குள் நுழையுமுன் குழாயில் ஒரு மின்காப்பு இணைப்பு வைத்திருப்பார்கள். பின்னால் வந்த மின்பணியாளர் எர்த் கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அந்த இணைப்பைத் தாண்டி ஒரு கம்பியைக் கட்டிவிடுவார். அன்று முதல் அந்தச் சிறு மக்னீசியக் கட்டி, கட்டடத்தின் கம்பிகளையும் செம்பு எர்த்தையும் சேர்த்துக் காக்கப் போராடி விரைவில் தீர்ந்துவிடும். மீட்டரை எடுத்துப் போகாதவருக்கு இது தெரியவே தெரியாது.

இதோடு ஒப்பிட்டால் அழுத்தச் சோதனையின் எல்லை விளங்கும். குழாயை அடைத்து, அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நின்றால் இன்று கசிவு இல்லை என்று பொருள். சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை அந்த முள் சொல்லாது. ஒரு குழி 90 விழுக்காடு ஆழத்துக்குப் பறித்திருந்தாலும் குறைந்த அழுத்தச் சோதனையில் தேறிவிடும். புதைகுழாய்க்கு அழுத்தச் சான்றிதழ் ஒன்றை மட்டும் காட்டி மன அமைதி பெறுவது, எனக்கு எப்போதும் உறுத்தலான ஒரு வழக்கம்.

பிளாஸ்டிக் குழாயும் ரியோ பியத்ராஸும்

பாலிஎத்திலீன் அரிப்பதில்லை. அதனால் மண்ணுக்கடியில் போகும் புரொப்பேன் ஆவிக் குழாய்க்கு அதுவே இன்றைய இயல்பான தேர்வு. வெயிலும் தீயும் அதற்கு ஆகா என்பதால் தரைக்கு மேல் அதை விடுவதில்லை. திரவ நிலைப் புரொப்பேனுக்கும் பயன்படுத்துவதில்லை. உலோகம் அல்ல என்பதால் பின்னாளில் கருவி வைத்துத் தேடக் கூடவே ஒரு கம்பியும் புதைக்க வேண்டும்.

இருந்தும் பொருளை மாற்றியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு, ஸ்டாக்லைனுக்கு எட்டு ஆண்டுகள் முந்தைய ஒரு விபத்தே சான்று. 1996 நவம்பர் 21 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரத்து ரியோ பியத்ராஸ் கடைத்தெருவில், உம்பெர்த்தோ விடால் என்ற காலணிக் கடைக் கட்டடம் வெடித்து 33 பேர் இறந்தனர். அங்கே நகரத்துக்குப் புரொப்பேனைக் குழாய்வழி வழங்கும் நிறுவனம் இருந்தது. கசிந்தது பாலிஎத்திலீன் குழாய். அதனருகே பதிக்கப்பட்ட தண்ணீர்க் குழாயினால் அது வளைந்து, அந்த அழுத்தத்தில் நாளடைவில் விரிசல் கண்டிருந்தது. வாயு இங்கும் அடித்தளத்தில்தான் சேர்ந்தது. வெடிப்புக்கு முந்தைய நாட்களிலேயே வாயு நாற்றம் பற்றிய புகார்கள் போயிருந்தன. தேடி வந்த பணியாளர்கள் கசிவைக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பணியாளர்களுக்குப் போதிய பயிற்சி தராததையும் அவர்கள் வேலையைச் சரிவர மேற்பார்க்காததையும் நிறுவனத்தின் மீது வைத்தது. நிறுவனத்தின் உரிமையாளரான என்ரான், உள்ளூர் ஆணையம், கூட்டாட்சிக் குழாய்ப் பாதுகாப்பு அலுவலகம் ஆகியவற்றின் கண்காணிப்புக் குறையையும் சேர்த்தே குறிப்பிட்டது. கூட்டாட்சி விதிகள் முழுதாகப் பொருந்திய இடம் அது. காற்றைவிடக் கனமான வாயுவை எங்கே, எவ்வளவு ஆழத்தில் தேட வேண்டும் என்று அறிந்த ஆள் மட்டும் அங்கே இல்லை.

குழாய் மாற்றப்பட்ட வளாகங்களில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதி. மண்ணிலிருந்து பாலிஎத்திலீன் மேலெழும் இடத்தில், தரைக்குச் சற்று முன்பாகவோ பின்பாகவோ அது உலோகத்துக்கு மாறுகிறது. தொழிற்சாலையில் தயாரித்து வரும் அந்த இணைப்புத் துண்டுக்கு உறையும் பூச்சும் உண்டு. அது கட்டடத்துக்குள் நுழையும் இடம் தரைக்கு மேலே, காற்றில், கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்ற எண்ணத்திலேயே வடிவமைக்கப்பட்டது. அந்த எண்ணம் ஒரு லாரி மண்ணால் செல்லாமல் போகும். ஆகவே ஆண்டு ஆய்வுக்குப் போகும் பொறியாளர் மீட்டரைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது, பதித்த நாளில் எடுத்த வரைபடத்தில் உள்ள தரைமட்டத்தை இன்றைய தரைமட்டத்தோடு ஒப்பிடுவது: சரளை கொட்டியிருக்கிறார்களா, புதிதாகக் கான்கிரீட் போட்டிருக்கிறார்களா, பூச்செடி மேடை கட்டியிருக்கிறார்களா, அடித்தளத்தின் காற்றோட்டத் துளை எதையாவது அடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. வரைபடமே இல்லையென்றால், அன்றைய அறிக்கையின் முதல் குறைபாடாக அதை எழுதி, குழாயின் தடத்தைக் கருவியால் கண்டறிந்து, கட்டடத்தை ஒட்டிய மூலையில் முதல் குழியைத் தோண்ட வேண்டும்.